பெட்டிக்குச் சொன்ன இடம்

கிள்ளையில் ஞானமேரி அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் பிசாசு என்று நினைக்கிற நேரமே இல்லை. அலுவலக ஜீப்பை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதால், பைக்கின் பின்சீட்டில் கயிறும் அட்டைப்பெட்டியுமாகக் கட்டிக்கொண்டு, சிதம்பரத்திலிருந்து வழியெல்லாம் என் மேலதிகாரி தேவநாதன் சாரைத் திட்டிக்கொண்டே வந்திருந்தேன். அக்கா வீட்டு மாடியில் இருக்கிற எங்கள் ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வானம் நடுங்குவதைக் கணக்கெடுப்பது. பொழுது சாய்ந்ததும், நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிற அயனி மண்டலம் கஞ்சி கொதிப்பதுபோலக் குமிழி விடும். வடக்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் அந்தப் பாக்கியம், அதிலும் மாசி பங்குனியில் ரொம்ப ஜாஸ்தி. அந்தக் குமிழிகளுக்குள் புகுந்து வருகிற ஜிபிஎஸ் சிக்னல் நடுங்கிப்போகும். கடலில் இருக்கிறவனுக்குத் தன் படகு எங்கே நிற்கிறது என்பதே தப்பாகக் காட்டும்.

அதற்காகத்தான் கரையில் ஒரு பெட்டியும் அதற்குக் குடை மாதிரி ஓர் ஆன்டெனாவும். பெட்டி இருக்கும் இடம் எது என்று முதலிலேயே நாம் எண்களில் அடித்துச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் வானம் என்ன உளறினாலும், ‘அதெல்லாம் கிடையாது, நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று பெட்டி பிடிவாதமாக நிற்கும். எவ்வளவு தப்பு என்று பார்த்து, அந்தத் திருத்தத்தை ரேடியோவில் படகுகளுக்கு அனுப்பும். படகில் இருக்கிற சின்னப் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வழி காட்டும். பெரிய பெட்டிக்கு நாம் சொன்னதுதான் வேதம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவர் சகாய ஆனந்த்தான் தன் மாடியில் பெட்டி வைக்க இடம் கொடுத்தவர். அவருடைய ஃபைபர் படகிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தோம். படகுக்குப் பெண்டாட்டி பெயரையே வைத்திருந்தார். எங்கள் கம்ப்யூட்டர் திரையிலும் அது ‘ஞானமேரி’ என்றுதான் வரும். ஐப்பசிப் புயலுக்கு முந்தின நாள் முடசல் ஓடைத் துறையிலிருந்து கடலுக்குக் கிளம்பிய மனுஷன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. மார்கழியில் படகுகளில் நாங்கள் நடத்திய சோதனை முடிந்ததும் மற்றப் படகுகளின் பெட்டிகளையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாடியில் இருந்த பெரிய பெட்டி மட்டும் நடுக்கத்தைப் பதிவு செய்தபடி, திருத்தத்தை அனுப்பியபடி அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் துரு ஏறுகிறது, எடுத்து வா என்று இப்போது உத்தரவு.

மாடிப்படியின் கடைசியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் மடித்த லுங்கி, ஒரு துண்டு, சோப்பு.

"யாருக்கா குளிக்கிறது இங்க?"

அக்கா லுங்கியின் மடிப்பைச் சரிசெய்தார். நான் ஸ்பேனரை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க தம்பி."

"சார் சொல்லிட்டாருக்கா. துருப் புடிக்குது பாருங்க."

"நான் தெனம் தொடச்சி வெக்கிறேன். எடுக்காதீங்க. இது கீங் கீங்னு கத்துற அன்னிக்கெல்லாம் அவரு வர்றாரு."

நடுக்கம் வந்தால் எச்சரிக்கைக்காகப் பெட்டி கத்தும். அதைத்தான் சொல்கிறார்.

"மொகம் தெரியாது. சேத்து நாத்தம் வரும். தண்ணி ஊத்திக்கிற சத்தம் கேக்கும். காலைல வந்து பாத்தா லுங்கி நனஞ்சி கெடக்கும். அவ்ளோதான் தம்பி. அது போதும் எனக்கு."

அந்த உச்சி வெயிலில் என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. ஆனாலும் என்ன செய்ய? அழுகிற பொம்பளைக்காக அரசாங்கப் பெட்டியை விட்டுவிட்டு வர முடியுமா? வேறு ஒன்று கொண்டுவந்து வைக்கிறேன் என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டுக் கழற்றினேன். நான் பைக்கைக் கிளப்பும்வரை அக்கா மாடியிலேயே நின்றார்.

அலுவலக மாடியில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்ச நாளு ஒன் வீட்டு மாடியில வையேன் செல்வா," என்றார் சார். செந்தமிழ்செல்வன் என்ற முழுப்பெயரை என் அப்பாவைத் தவிர யாரும் சொன்னதில்லை.

என் வீடு சிதம்பரத்தில், ரயிலடிக்குப் பின்பக்கம். நானும் என் மனைவி சத்யப்பிரியாவும் மட்டும்தான். அவள் காடாம்புலியூர்க்காரி. முந்திரித் தோப்பில் கத்திக் கத்திப் பேசி வளர்ந்த தொண்டை. எனக்கு அத்தை மகள் என்பதால் சின்ன வயதிலிருந்தே "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் மாமாதான்.

"துணி காயப்போடற எடத்துல குடைய நட்டு வெச்சிருக்கீங்களே மாமா, நல்லா இருப்பீங்களா? ஆபீசுக்கு வாடக குடுக்கச் சொல்லுங்க!"

அன்று சாயங்காலமே பெட்டி கத்த ஆரம்பித்தது. கீங், கீங், கீங். நிறுத்தவே இல்லை. கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சத்யா காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தாள். பங்குனி மாசம், நடுக்கம் பலமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு சத்தத்தை அணைத்துவிட்டேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பங்குனி முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

அது வேறொன்றுக்காகவும் கத்தும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலை. வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நான் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். சத்யா கூடையை எடுத்துக்கொண்டு துணி எடுக்கப் போனாள். "பனி எறங்குது, காஞ்ச துணியெல்லாம் நனையுது, இந்த வீட்டு ஆம்பளைக்கு அக்கற இருக்குதா?" என்று எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்லிக்கொண்டு படியேறினாள். துணியை எடுக்க எடுக்க, கொடிக் கிளிப்புகளை நைட்டியின் கழுத்தோரத்தில் வரிசையாக மாட்டிக்கொள்வது அவள் பழக்கம். ஒருநாள் அப்படியே மறந்து மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். நான் சிரித்ததற்கு ராத்திரி சோறு போடவில்லை.

திரையில் செயற்கைக்கோள் சிக்னல்களின் கோடுகள் நடுங்க ஆரம்பித்தன.

பக்கத்தில் வரைபடம். இணைந்திருக்கும் படகுகள் தெரிகிற இடம் அது. எல்லாப் பெட்டியும் அலமாரியில் பூட்டிக் கிடப்பதால் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

காலியாக இல்லை. கடலுக்குள் ஒரு பச்சைப் புள்ளி. கீழே பெயர்: ஞானமேரி.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆள் உயிரோடு எங்கேயோ கரை ஒதுங்கி இருக்கிறார், பெட்டி கையில் இருக்கிறது என்று நினைத்தேன். புள்ளி நகர்ந்தது. திரை மாறுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. பிச்சாவரம் கால்வாய்க்குள் வந்தது. அப்புறம் கால்வாயை விட்டுவிட்டு, மாங்குரோவ் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது.

படகு காட்டுக்குள் எப்படி வரும்?

எங்கள் தெருக்கோடியில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

புள்ளி கிள்ளை ஊருக்குள் நுழைந்தது. ஒரு தெரு, அடுத்த தெரு. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வாசல்ல போய்ப் பாருங்க. யாராவது வர்றாங்களா?"

"ஏன் தம்பி?"

"பாருங்கக்கா! அவரு பெட்டி வருது. உங்க தெருவுல வந்துகிட்டிருக்குது."

அக்கா ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. புள்ளி அவர் வீட்டின்மேல் வந்து நின்றுவிட்டது.

"யாரும் இல்லியே தம்பி."

"நல்லாப் பாருங்க. மாடியில பாருங்க."

"பாத்துட்டேன். யாரும் இல்ல. இங்க ஒரு நாயி கூட கொரைக்கல."

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் என் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வந்து, ஒரேயடியாக அடங்கிப்போயிருந்தன.

அக்கா ரொம்ப மெதுவாகக் கேட்டார். "பெட்டி இப்ப எங்க தம்பி இருக்குது?"

நான் மாடிப்படியைப் பார்த்தேன்.

எண்களை நான் மாற்றவே இல்லை. பெட்டியைக் கழற்றினேன், கொண்டுவந்தேன், என் மாடியில் வைத்தேன். ஆனால் அதற்குச் சொன்ன இடம் இன்னும் கிள்ளைதான். முதல் நாள் நிறுத்தாமல் கத்தியதே, அது நடுக்கத்துக்காக இல்லை. ‘நான் இருக்கிற இடம் இது இல்லை’ என்று கத்தியிருக்கிறது. அதன் வாயை நானே அடைத்தேன். அன்று முதல் ‘இதுதான் கிள்ளை, இதுதான் ஞானமேரி வீடு’ என்று என் வீட்டு மாடியிலிருந்து வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதைக் கேட்டு வழி கண்டுபிடித்து வருகிறவர், திரையில் கிள்ளை என்று காட்டினாலும், உண்மையில் எங்கே வருவார்?

திரையில் கிழக்குப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் யாராவது வந்து நின்று வானத்தை மறைத்தால்தான் அப்படி ஆகும்.

மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எங்கள் மாடியில் வாளியே கிடையாது.

"சத்யா!"

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. மாடி முழுக்கச் சேற்று நாற்றம், டீசல் நாற்றம். சத்யா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆன்டெனாவின் முன் நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. கூடையில் இருந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"சத்யா, கீழ வா."

அவள் திரும்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். திரும்பி, சிரித்தாள்.

"வர்றேங்க," என்றாள்.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். கை சில்லென்று இருந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லீங்க என்றாள். பயந்துட்டியா என்றேன். இல்லீங்க என்றாள். மறுநாள் காலையில் பால் பொங்கி வழிந்தது என் தப்பால்தான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். துணியை எடுத்து அமைதியாகத் துடைத்துவிட்டு, "டீ சாப்பிடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. சோறு எடுத்துக்கொள்ளமாட்டாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். மாடிப்படிப் பக்கம் போகமாட்டாள். காடாம்புலியூரிலிருந்து அவள் அம்மா போன் செய்தால், "நல்லா இருக்கேங்க" என்று பெற்ற தாயிடமே மரியாதையாகப் பேசி வைத்தாள். டாக்டர் ரத்தம் குறைவு என்றார். எனக்கோ அவள் பக்கத்தில் படுக்கவே பயமாக இருந்தது. கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த மனுஷன் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஞானமேரி அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"பெட்டிய இங்க கொண்டாந்து வைங்க தம்பி," என்றார் அக்கா. "அவருக்கு வேண்டியது இந்த வீடுதான். இங்க வந்துட்டாருன்னா உங்க பொண்டாட்டிய விட்ருவாரு. அவரு கெட்டவரு இல்ல."

சாரிடம் கேட்கக்கூட இல்லை. அடுத்த நாள் மத்தியானமே பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிள்ளைக்குப் போனேன். பழைய இடத்தில், பழைய எண்களோடு, பழைய சத்தத்தோடு வைத்தேன். அக்கா தலைவாரிப் பூ வைத்திருந்தார். வாளியில் வெந்நீர் ஆவி பறந்தது. புது லுங்கி மடித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்போல இருந்தார், பாவம்.

பொழுது சாய்ந்தது. காட்டுப் பக்கமிருந்து கொக்குகள் அடங்கும் சத்தம் வந்தது, அதுவும் நின்றது.

கீங்.

கீங்.

மடியில் இருந்த லேப்டாப்பில் பச்சைப் புள்ளி வந்தது. கடல், கால்வாய், காடு, தெரு. இந்தத் தடவை கிள்ளை நாய்கள் குரைத்து அடங்கின. சேற்று நாற்றம் படியேறி மாடிக்கு வந்தது. கிழக்குப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் அணைந்தன.

"வந்துட்டாரு," என்று அக்கா கிசுகிசுத்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "வந்துட்டாரு தம்பி."

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, ஆனால் மனசு லேசானது. போய்விட்டார், என் வீட்டை விட்டுப் போய்விட்டார். இனி என் சத்யா எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவாள். போன் போட்டுக் கேட்கலாம் என்று கையை நீட்டினேன்.

தெற்குப் பக்கத்துச் செயற்கைக்கோள்களும் அணைந்தன.

என் பக்கம். நான் உட்கார்ந்திருந்த பக்கம்.

"தம்பி," என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "அவரு தனியா வரல."

"என்னக்கா?"

"கூட ஒரு பொண்ணு நிக்கிது. எனக்கு அவரு மொகம் தெரியல, அது மொகம் நல்லாத் தெரியுது. உங்களையே பாத்துகிட்டு நிக்கிது."

என் பக்கத்தில் யாரும் இல்லை. சேற்று நாற்றத்துக்கு நடுவில் துவைக்கிற சோப்பின் வாசனை மட்டும் வந்தது.

"சின்ன வயசு. நீலப் பூ போட்ட நைட்டி. கழுத்தோரம் பூரா துணி கிளிப்பு மாட்டியிருக்குது." அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "தம்பி, அது அழுவுது. ‘மாமா, என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு அழுவுது."

நான் காற்றில் கையை நீட்டினேன். என் விரல்களைச் சில்லென்று ஏதோ பற்றியது. கொஞ்ச நேரம்தான். பெட்டி கத்துவதை நிறுத்தியது, கோடுகள் அடங்கின, புள்ளி மறைந்தது. வானத்தில் குமிழி கடந்து போய்விட்டது.

ஆன்டெனாவின் அடியில் ஓர் ஆரஞ்சுக் கிளிப் கிடந்தது.

அன்று என் மாடியில் ஒயரைப் பிடுங்கினேனே, அப்போது சகாய ஆனந்த் போய்விட்டார். போகும்போது ஞானமேரி என்று நினைத்து என் சத்யாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அப்படியானால் நான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தது யாரை? பெட்டி சொன்ன வழியில் கடலிலிருந்து வந்தது அவர் ஒருவர்தானா?

அக்கா என்னைத் தடுக்கவில்லை. பெட்டியைக் கழற்ற அவரே டார்ச் பிடித்தார். "எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார். "பழைய நெம்பரோட உங்க மாடியில வைங்க. அந்தப் பொண்ணு வீடு வந்து சேரட்டும். அவரு எனக்குக் கெடைக்கலன்னா பரவால்ல." அவர் அதைச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பைக்கில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். அடுத்த நடுக்கம் வரும் மாலையில் என் மாடியில் பெட்டியைப் போடுவேன். வருகிறவளை நானே வாசலில் நின்று கூப்பிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, நேராக அலுவலகத்துக்குப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கிளிப் மட்டும் என் சட்டைப்பையில் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தாள். சிரித்தாள். சாப்பாடு தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள். நான் கை கழுவும்வரை துண்டோடு நின்றாள். நான் உட்கார்ந்ததும் எதிரே உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், கெஞ்சுகிற குரலில். "அந்தப் பெட்டிய இங்க கொண்டாந்து வெக்காதீங்க. அவ வந்துட்டான்னா நான் எங்கங்க போவேன்?"